கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

தோற்றுவாய்

உலகத்துப் பெரியோர் எனப் போற்றப்படுவோர் பல திறத்தினர். நாடு காத்தோர் சிலர். நூல் யாத்தோர் சிலர். நோய் தீர்த்தோர் சிலர். மக்கள் நாள்தோறும் செய்து சலித்த வேலையைப் பொறியின்மேல் ஏற்றி, அவர்தம் அறிவை உயர்ந்த பணிக்கு விடுவித்தோர் மற்றொரு சாரார். அச்சாராருள் ஒருவரே ஈண்டு யாம் எழுதப் புகுந்த கிரேஸ் ஹாப்பர் அம்மையார்.

எம் விடுதியில் கணிப்பொறிக் கலை பயிலும் நண்பர் சிலர் உளர். அண்மைக் காலத்தில் அவர் உள்ளத்தே ஒரு கலக்கம் குடிபுகுந்துள்ளது. பொறிகள் தமக்கு வேண்டிய நிரல்களைத் தாமே எழுதத் தொடங்கிவிட்டன. இனி நாம் கற்பது எதற்கு என்பதே அக்கலக்கம். நிரல் என்பது யாதெனின், கணிப்பொறி முறையாகச் செய்தற்குரியவற்றை அடியடியாக வகுத்துரைக்கும் கட்டளைக் கோவை. அதனை எழுதுதல் இதுகாறும் மனிதர் தொழிலாக இருந்தது. அத்தொழிலையே பொறியினிடம் ஒப்படைக்கலாம் என்று எழுபது ஆண்டுகட்கு முன்னரே துணிந்து, அங்ஙனமே செய்தும் காட்டியவர் ஹாப்பர் அம்மையார். ஆதலின் நண்பர் கலக்கத்திற்கு விடை தேடுவார் முதற்கண் அறியத்தக்கது இவர் வரலாறேயாம். தமிழ் பயிலும் எமக்கு இதில் என்ன தொடர்பு என்று வினவுவாரும் உளர். அம்மையார் வாழ்வின் நடுநாயகமான செய்தி மொழியைப் பற்றியது என்பதே அவர்க்கு யாம் கூறும் விடை.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1906ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் அமெரிக்க நாட்டு நியூயார்க் நகரத்தே பிறந்தார். தந்தையார் வால்டர் மரே காப்புறுதித் தொழில் புரிந்தவர். தாயார் மேரி கணக்கில் விருப்பமுடையவர். மக்கள் மூவருள் கிரேஸ் மூத்தவர். பெண்மக்கட்கும் ஆண்மகனுக்கும் கல்வியில் வேற்றுமை காட்டலாகாது என்பது தந்தையார் கொள்கை. அவர் நோயால் துன்புற்றுக் கால் இழந்தவர். தாம் இல்லாத காலத்தும் தம் மகளிர் தம் காலில் நிற்க வேண்டும் என்று விரும்பினார்.

கிரேஸ் ஏழாண்டுச் சிறுமியாக இருந்தபோது வீட்டிலிருந்த அலாரக் கடிகாரம் ஒன்றைப் பிரித்தார். மீண்டும் பூட்டும் வகை அறியாது, அதனை அறிதற்பொருட்டு அடுத்த அறையிலிருந்த கடிகாரத்தைப் பிரித்தார். இவ்வாறு ஏழு கடிகாரங்கள் பிரிந்து கிடந்த பின்னரே தாயார் செய்தி அறிந்தார். அவர் சினந்து தண்டியாமல், இனி ஒரு கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆராய்க என்று வரையறுத்தார். இத்தகைய தாயார் வாய்க்கப் பெற்றமை அம்மையாரின் நற்பேறு.

கல்வியும் ஆசிரியப் பணியும்

பதினாறாம் ஆண்டில் வாசர் கல்லூரியில் சேர முயன்றபோது இலத்தீன் மொழித் தேர்வில் போதிய மதிப்பெண் பெறாமையால் அவர்க்கு இடம் கிடைக்கவில்லை. பிற்காலத்தே பொறிகட்கு மொழி வகுத்தவர் இளமையில் ஒரு மொழித்தேர்விலே தவறினார் என்பது தேர்வுக்கு அஞ்சும் எம்மனோர்க்கு ஆறுதல் தரும் செய்தியன்றோ? அடுத்த ஆண்டு அக்கல்லூரியிற் சேர்ந்து, கணிதமும் பௌதிகமும் பயின்று 1928இல் பட்டம் பெற்றார். பின்னர் யேல் பல்கலைக் கழகத்தில் 1930இல் முதுகலைப் பட்டமும், 1934இல் கணிதத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். 1930இல் வின்சென்ட் ஹாப்பர் என்னும் பேராசிரியரை மணந்தார். அம்மணம் 1945இல் முறிந்தது; எனினும் ஹாப்பர் என்னும் பெயர் இறுதிவரை அவருடன் நின்றது.

1931 முதல் வாசர் கல்லூரியிலேயே கணித ஆசிரியராக அமர்ந்தார். கணக்கறிவு எத்துணை மிக்கதாயினும் அதனைத் தெளிந்த நடையில் எழுதமாட்டாதவர்க்குப் பயன்படாது என்பது அவர் கருத்து. ஆதலின் கணித மாணவரையும் கட்டுரை எழுதச் செய்து, எழுத்துப் பிழைகளையும் திருத்தினார். கணிதம் படிக்க வந்தோம், மொழி படிக்க வரவில்லை என்று மாணவர் முறையிட்டபோதும் அவர் தம் வழக்கத்தை விட்டிலர்.

கடற்படையில் சேர்தல்

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா இறங்கியபோது அம்மையார் கடற்படையில் தொண்டாற்ற விரும்பினார். அவருடைய கொள்ளுப்பாட்டனார் கடற்படைத் தளபதியாக விளங்கியவர். ஆயின் தடைகள் பல இருந்தன. வயது மிகுதி என்றனர். உடல் எடை விதித்த 120 பவுண்டுக்கு 15 பவுண்டு குறைவு என்றனர். கணித ஆசிரியர் ஊரிலிருந்தே நாட்டுக்கு உதவலாம் என்றனர். அம்மையார் அத்துணையும் கடந்து சிறப்பு விலக்குப் பெற்று, 1943 டிசம்பரில் தம் முப்பத்தேழாம் வயதில் கடற்படையின் மகளிர் பிரிவிற் சேர்ந்தார். தம்மினும் மிக இளையராகிய மகளிரோடு பயின்று, 1944இல் வகுப்பின் முதல்வராகத் தேறினார்.

அவ்வாண்டு ஜூலைத் திங்களில் அவர் ஹார்வர்டு பல்கலைக் கழகத்துக்கு அனுப்பப்பட்டார். ஆண்டு ஹோவர்டு எய்க்கன் என்னும் அறிஞர் வகுத்த மார்க் ஒன்று என்னும் கணிப்பொறி இருந்தது. அதன் நீளம் 51 அடி. உயரம் 8 அடி. அதனுட் கிடந்த கம்பியின் நீளம் 500 மைலுக்கும் மேல் என்பர். நொடிக்கு மூன்று கூட்டற் கணக்குகளைச் செய்வதே அதன் வேகம். கட்டளைகளைக் காகித நாடாவில் துளைகளாக இட்டு அதற்கு ஊட்டுவர். எய்க்கன் கடுமையான தலைவர். அம்மையார் வந்த நாளிலேயே ஒரு கடினமான கணக்கைத் தந்து, அடுத்த வியாழக்கிழமைக்குள் முடித்துத் தருமாறு பணித்தார். அம்மையார் இளைய அதிகாரிகளிடம் கேட்டுக் கற்றுத் தம் கடமையைச் செய்தார். பின்னர் எய்க்கன் ஆணைப்படி அப்பொறிக்கு 561 பக்கமுள்ள கைந்நூல் ஒன்றும் எழுதினார். அது 1946இல் வெளிவந்தது.

இவ்விடத்து ஒரு பிழை வழக்கைத் திருத்துதல் கடன். நிரலிலுள்ள குற்றத்தைப் பூச்சி என்று ஆங்கிலத்தில் வழங்குவர். அப்பெயரை இட்டவர் ஹாப்பர் அம்மையார் எனப் பலரும் எழுதுகின்றனர். அது பொருந்தாது. எடிசன் காலத்திலேயே பொறியின் குறையைச் சுட்ட அச்சொல் வழங்கியது. 1947 செப்டம்பர்த் திங்களில் மார்க் இரண்டு என்னும் பொறியின் உள்ளே சிக்கி இறந்த அந்துப்பூச்சி ஒன்றைப் பணியாளர் கண்டெடுத்து, குறிப்பேட்டில் ஒட்டி வைத்தனர். அதனைச் சுவைபட எடுத்துரைத்துப் பரப்பியவரே அம்மையார்.

துன்பக் காலம்

போர் முடிந்தபின் ஹார்வர்டில் அவர்க்கு நிலைத்த இடம் கிடைக்கவில்லை. 1949இல் பிலடெல்பியா நகரத்தில் எக்கர்ட், மாக்லி என்போர் நடத்திய கணிப்பொறிக் கம்பெனியிற் கணித வல்லுநராகச் சேர்ந்தார். ஓயாத உழைப்பும் தனிமையும் போர்க்காலத்து மனச்சுமையும் சேர்ந்து அவரை வருத்தின. மதுப்பழக்கத்துக்கு ஆளாகி அவ்வாண்டில் மிகவும் இடருற்றார். வரலாற்றாசிரியர் இதனை மறைக்காது எழுதியுள்ளனர். யாமும் மறைக்க விரும்பவில்லை. பெரியோர் என்பார் இடறாதவர் அல்லர், இடறியும் எழுந்தவர். நண்பர் துணையால் அவரும் எழுந்தார். அவர் பெயரை நிலைநாட்டிய பணி முழுதும் இதற்குப் பின்னரே நிகழ்ந்தது என்பதை நண்பர்கள் உள்ளத்திற் கொள்க.

தொகுப்பியின் தோற்றம்

பிலடெல்பியாவில் அக்காலத்து உருவாகி வந்த பொறி யூனிவாக் என்பது. அதற்கு நிரல் எழுதுவோர் படும்பாட்டை அம்மையார் கூர்ந்து நோக்கினார். வர்க்க மூலம் காணல், கோண அளவை காணல் முதலிய சிறு கணக்குகள் எல்லா நிரலுக்கும் வேண்டியவை. இவற்றிற்குரிய கட்டளைப் பகுதிகளை ஒருவர் தம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பார். வேண்டியவர் அதனைப் பார்த்துப் பெயர்த்தெழுதிக் கொள்வார். இங்ஙனம் பெயர்த்தெழுதும்போது பிழைகள் மலிந்தன. நான்கு என்னும் எண்ணை டெல்டா என்னும் குறியாகவும், பி என்னும் எழுத்தைப் பதின்மூன்று என்னும் எண்ணாகவும் மயங்கி எழுதினர். அன்றியும், பெயர்த்தெழுதும் பகுதி புதிய நிரலில் எவ்விடத்து அமைகின்றதோ அதற்கேற்ப ஒவ்வொரு கட்டளையிலும் உள்ள இட எண்ணைக் கூட்டி மாற்றுதல் வேண்டும். அக்கூட்டலிலும் தவறினர்.

ஏடு பெயர்த்தெழுதுவோரால் நம் பழந்தமிழ் நூல்கட்கு நேர்ந்த பாட வேறுபாடுகளை அறிந்த எமக்கு இச்செய்தி புதிதன்று. ஓரெழுத்துப் பிறழின் செய்யுளின் பொருள் மாறும். அங்கே ஓரெழுத்துப் பிறழின் பொறி நின்றுவிடும். ஆயின் அம்மையார் கண்ட தீர்வு வியப்பிற்குரியது. பெயர்த்தெழுதுதலும் கூட்டுதலும் மனிதர்க்கு வாராத தொழில்கள். அவையே பொறிக்கு மிக எளியவை. அங்ஙனமாக, அத்தொழிலைப் பொறியினிடமே விட்டால் என்ன என்று அவர் எண்ணினார்.

கட்டளைப் பகுதிகளை எல்லாம் காந்த நாடாவில் ஒரு நூல்நிலையம் போலச் சேர்த்து, ஒவ்வொன்றிற்கும் ஓர் அடையாளப் பெயர் இட்டார். நிரல் எழுதுவோர் வேண்டிய பகுதிகளின் பெயரையும் அவற்றிற்குரிய அளவுகளையும் வரிசையாகக் குறித்தால் போதும். பொறி அப்பகுதிகளை நூல்நிலையத்திலிருந்து எடுத்து, இட எண்களைத் திருத்தி, ஒன்றாகத் தொகுத்து முழு நிரலையும் எழுதித் தரும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த பாடல்களை நம் முன்னோர் தொகுத்து நூலாக்கினாற் போல்வது இப்பணி. ஆகவே அதற்குத் தொகுப்பி எனப் பொருள்படும் கம்பைலர் என்னும் பெயரை இட்டார். ஏ-சுழியம் எனப்பட்ட அம்முதற் தொகுப்பி 1952இல் இயங்கிற்று.

இதிலே ஓரிடர் இருந்தது. நிரலின் முற்பகுதியில் இன்னும் எழுதப்பெறாத பிற்பகுதிக்குத் தாவுமாறு கட்டளை வரின், அதன் இட எண் அப்போது தெரியாது. அம்மையார் கல்லூரிக் காலத்தில் கூடைப்பந்து ஆடியவர். பந்தை இடையில் நிற்பவர்க்கு எறிந்து, அவர் வழியாக முன்னே ஓடுபவர்க்குச் சேர்ப்பித்தல் அவ்வாட்டத்தில் வழக்கம். அவ்வாறே பொறியின் நினைவகத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, தாவவேண்டிய செய்தியை அங்கே இட்டுவைத்து, உரிய பகுதி வந்தபின் அங்கிருந்து எடுத்துச் சேர்த்தார். விளையாட்டிடத்துக் கற்றதும் வீண்போவதில்லை.

இப்பெருமை முழுதும் ஒருவர்க்கே உரியதன்று. அதே கம்பெனியிற் பணிபுரிந்த பெட்டி ஹோல்பர்ட்டன் அம்மையார், செய்திகளை வரிசைப்படுத்தும் நிரலைப் பொறியே எழுதித் தருமாறு முன்னரே செய்திருந்தார். அதிலிருந்தே தாம் ஊக்கம் பெற்றதாக ஹாப்பர் அம்மையார் நன்றியோடு பலகாலும் கூறினார். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்தில் அலிக் கிளென்னி என்பாரும் 1952இல் இத்தகையதொன்றை ஆக்கினார்.

1952 மே திங்களில் பிட்ஸ்பர்க் நகரத்தில் கூடிய அறிஞர் அவையில் கணிப்பொறிக்குக் கல்வி புகட்டுதல் என்னும் பொருள்பற்றி அம்மையார் கட்டுரை படித்தார். கணித அறிஞர் மீண்டும் கணித அறிஞராகவே வாழலாம். நிரல் எழுதும் சுமையைக் கற்பிக்கப்பட்ட பொறி தாங்கும் என்பது அதன் சாரம். அவர்தம் ஆசிரியப் பண்பு மாறவில்லை. மாணவர் மட்டுமே மாறினர். ஆயின் கேட்டோர் பலர் நம்பவில்லை. கணிப்பொறி எண்களைக் கூட்டும். நிரல் எழுதாது என்றனர். இயங்கும் தொகுப்பி கையில் இருந்தும் அதனைத் தொடுவார் இலராயினர். நிரல் எழுதுதல் பொறிக்கு வசப்படாத அருங்கலை என்று எண்ணிய வல்லுநரும் பலர். அம்மையார் சளைக்காது ஊர்தோறும் சென்று விளக்கினார். 1954இல் தானியங்கு நிரலாக்கம் பற்றிய முதல் அவை வாஷிங்டனிற் கூடியது. அதே காலத்து ஐ.பி.எம். கம்பெனியில் ஜான் பேக்கஸ் என்பார் குழுவாக உழைத்து, 1957இல் போர்ட்ரான் என்னும் மொழியையும் அதற்குரிய தொகுப்பியையும் வெளியிட்டார். பொறி எழுதிய நிரல் வல்லுநர் எழுதியதற்கு ஏறத்தாழ ஒத்து விரைவதைக் கண்டபின் ஐயம் நீங்கியது.

பொறிக்கு மொழி வகுத்தல்

அம்மையார் அத்துடன் அமையவில்லை. கணிதக் குறியீடுகள் கணிதர்க்கு உகந்தவை. வாணிகரும் கணக்கரும் அவற்றை வெறுப்பர். அவர் நாளும் வழங்கும் மொழியிலேயே கட்டளை எழுதினால் என்ன என்று கேட்டார். பொறிக்கு ஆங்கிலம் விளங்காது என்று தலைவர் மறுத்தனர். ஆனால் பொறிக்கு எம்மொழியும் விளங்க வேண்டுவதில்லை. வரையறுத்த சில வினைச்சொற்களும், மாறாத சொல்லொழுங்கும் இருந்தால், ஒவ்வொரு தொடரையும் எண்களாக மாற்றுதல் இயலும். இலக்கணம் பயில்வார்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும்.

1955இல் தம் கருத்தை மெய்ப்பிக்க அவர் சிறிய தொகுப்பி ஒன்றைச் செய்து, ஒரே நிரலை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எழுதிக் காட்டினார். மூன்றும் பொறிக்கு ஒன்றே. அதனை விளக்கவே அவ்வாறு செய்தார். தலைவர்களோ திகைத்தனர். அமெரிக்காவில் அமெரிக்கரால் ஆக்கப்பட்ட பொறி பிரெஞ்சையும் ஜெர்மனையும் எங்ஙனம் அறியும் என்று வெகுண்டனர். ஆங்கிலம் ஒன்றையே கையாள்வேன் என்று உறுதி கூறி அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று. எம்மொழியும் பொறியின் முன் சமம் என்னும் உண்மை இங்ஙனம் அரங்கேறிய அன்றே திரைமறைவு எய்தியது. பின்னர் ப்ளோமேட்டிக் என்னும் மொழி ஆங்கிலச் சொற்களால் அமைந்து வழக்கிற்கு வந்தது.

1959 மே திங்களில் அமெரிக்கப் படைத்துறைத் தலைமையகமாகிய பென்டகனில், எல்லாப் பொறிகட்கும் பொதுவான வாணிக மொழி ஒன்று வகுக்க அரசினரும் கம்பெனியாரும் கூடினர். அதன் பயனாக எழுந்ததே கோபால் என்னும் மொழி. அதனை வகுத்தவர் குழுவினரேயாயினும் அதன் அடிப்படை பெரிதும் ப்ளோமேட்டிக்கே; அம்மையார் அறிவுரையாளராக இருந்தார். 1960 டிசம்பரில் ஒரே கோபால் நிரல் வெவ்வேறு கம்பெனியாரின் இரு பொறிகளில் இயங்கிக் காட்டியது. இம்மொழியைக் கற்றார் சிலர் இகழ்ந்தனர். டைக்ஸ்ட்ரா என்னும் டச்சு அறிஞர் 1975இல் கடுஞ்சொல்லால் இகழ்ந்தார். சொற்பெருக்கம் முதலிய குறைகள் அதற்கு உண்டு. எனினும் உலகத்து வங்கிகளும் அரசு அலுவலகங்களும் இன்றளவும் அதனைக் கைவிட்டில.

முதுமையும் மறைவும்

வயது முதிர்ச்சியால் 1966 இறுதியில் கடற்படை அவர்க்கு ஓய்வளித்தது. ஏழு திங்கள் கழித்து, கடற்படையின் கோபால் நிரல்களை ஒழுங்குபடுத்த ஆறு திங்கட்கு என்று திரும்ப அழைத்தது. அவ்வாறு திங்கள் பத்தொன்பது ஆண்டுகளாக நீண்டது. சொற்பொழிவாற்றும் இடமெல்லாம் ஓரடிக்குச் சற்றே குறைந்த கம்பித் துண்டுகளைக் கேட்போர்க்கு வழங்குவார். ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி செல்லக்கூடிய தொலைவு அத்துணையே என்பதை இளைஞர் கண்ணாற் காணுதற்கே அவ்வாறு செய்தார். தம் அறையில் முட்கள் எதிர்த்திசையிற் சுழலும் கடிகாரம் ஒன்றை மாட்டியிருந்தார். இதுவே வழக்கம் என்று சொல்லி மாற்றத்தை மறுப்பார்க்கு அது வாய்பேசா விடை.

1986 ஆகஸ்டில் தம் எழுபத்தொன்பதாம் வயதில் ரியர் அட்மிரல் பதவியோடு ஓய்வு பெற்றார். அதன் பின்னும் கணிப்பொறிக் கம்பெனி ஒன்றில் ஆலோசகராக உழைத்து, 1992 ஜனவரி முதல் நாள் உயிர்நீத்தார். ஆர்லிங்டன் வீரர் இடுகாட்டில் படைமரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டார். போர்க்கப்பல் ஒன்று அவர் பெயர் தாங்குகின்றது. 2016இல் அமெரிக்கக் குடிமக்கட்குரிய மிகவுயர்ந்த விருது அவர் நினைவிற்கு வழங்கப்பட்டது.

முடிவுரை

இனி, எம் நண்பர் கலக்கத்திற்கு வருவோம். அம்மையார் தொடங்கிய நெறி இன்று நெடுந்தொலைவு வந்துள்ளது. பெரிய மொழி மாதிரிகள் எனப்படுவன மனிதர் இயல்பாகப் பேசும் தொடரைக் கொண்டே நிரல் எழுதுகின்றன. தமிழில் உரைப்பினும் ஏற்கின்றன. 1955இல் தலைவர்கள் கண்டு வெகுண்டது இன்று இயல்பாயிற்று. 2023இல் அமெரிக்கப் பல்கலைக் கழகத்தார், பொதுவில் வழங்கும் 12 நிரல் தொகுதிகளிலிருந்து மெய்யாகவே எழுந்த 2,294 சிக்கல்களைத் திரட்டி, பொறியே அவற்றைத் தீர்க்குமா என்று சோதித்தனர். அப்போது மிகத் திறமையான பொறியும் நூற்றுக்கு இரண்டைக் கூட முழுதும் தீர்க்கவில்லை. அதன்பின் சில ஆண்டுகளிலேயே அவ்வளவு பன்மடங்கு உயர்ந்துவிட்டது. ஆகவே கலக்கம் வெறும் மயக்கமன்று. அதனை எள்ளி நகையாடுதல் முறையாகாது.

எனினும் அம்மையார் வரலாறு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகின்றது. தொகுப்பி வந்தபின் நிரல் எழுதுவோர் அருகவில்லை, பெருகினர். பெயர்த்தெழுதும் வேலை போயிற்று. எதனைச் செய்யவேண்டும் என்று எண்ணித் தெளிந்து, ஐயமற உரைக்கும் வேலை மிகுந்தது. இனியும் அவ்வாறே நிகழும் என்று யாம் உறுதி கூறமாட்டோம். முதற் தொகுப்பி கையெழுத்து வேலையை மட்டுமே ஏற்றது. இக்காலப் பொறியோ எண்ணும் வேலையிலும் பங்கு கேட்கின்றது. ஆயினும் பொறி எழுதியது சரியா, யார்க்கு நன்மை, யார்க்குத் தீங்கு என்று ஆராயும் பொறுப்பு மனிதரிடமே நிற்கின்றது. அப்பொறுப்பிற்குக் கணிதமும் வேண்டும். மொழித் தெளிவும் வேண்டும். கணித வகுப்பிலும் கட்டுரை எழுதச் செய்த அவ்வாசிரியர் இவ்விரண்டையும் பிரித்ததில்லை.

முப்பத்தேழாம் வயதில் புதிய தொழில் தொடங்கி, நாற்பத்து மூன்றில் இடறி எழுந்து, எண்பதை நெருங்கும்வரை கற்பித்தவர் ஹாப்பர் அம்மையார். பத்தொன்பதாம் வயதிலேயே எல்லாம் முடிந்ததெனச் சோர்தல் எமக்குத் தகுமா? கணிப்பொறி பயிலும் நண்பரும் தமிழ் பயிலும் யாமும் ஒருங்கிருந்து பேசுதற்கு இதனினும் ஏற்ற காலம் முன்னர் வாய்த்ததில்லை. அவ்வுரையாடல் எம் விடுதித் திண்ணையிலேயே தொடங்குவதாக.